அயனி மண்டலத்தின் தலையில்

தான் செய்த தப்புக்குப் பூமியில் காரணம் தேடுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். வானத்தில் தேடுகிறவர்கள் தனி இனம். அந்த இனத்துக்கு உத்தமமான மாதிரி வேண்டுமென்றால், மைசூர் விஜயநகரில் செலுவநாராயணனைப் பாருங்கள்.

முன்பெல்லாம் அவருக்குச் சனீஸ்வரன் ஒருவரே போதும். ஓய்வுபெற்று, கையில் யூடியூப் வந்ததும் விஞ்ஞானத்துக்கு மாறிவிட்டார். சூரியனிலிருந்து கிளம்பும் புயல் பூமியின் காந்தத்தை உலுக்குகிறது, மேல்காற்று சூடேறிப் பூரி மாதிரி உப்புகிறது, அங்கே சிவனே என்று சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் அதில் உரசி உயரம் இழக்கின்றன, அங்கேயே இருக்கும் மின்னூட்ட அடுக்கான அயனி மண்டலம் குழம்பி ஜிபிஎஸ் தடுமாறுகிறது. எல்லாம் உண்மைதான், யார் மறுத்தது? ஆனால் பால் பொங்கி வழிந்ததற்கும் அதே புயல்தான் என்றால் மனைவி லக்ஷ்மம்மா என்ன செய்வாள்? அடுப்பைத் துடைப்பாள்.

அன்று மகள் ப்ரார்த்தனாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போனதில் லக்ஷ்மம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கேசரி ஆறிப்போயிற்று, ஆளைக் காணோம். போன் செய்தால், பிள்ளை வீட்டார் விஜயநகரின் இரண்டாம் ஸ்டேஜ் பகுதியில், இவர்கள் போன வருஷம் காலிசெய்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். இவர்கள் இருப்பதோ நாலாம் ஸ்டேஜ். விலாசம் அனுப்பியது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

“நேத்து பெரிய புயல்டீ. ஜிபிஎஸ் தப்பாக் காட்டிடுத்து,” என்றார் கூசாமல்.

“ஏன்னா, அது சில மீட்டர்தான் தப்பும்னு நீங்கதானே சொன்னேள்? ரெண்டாம் ஸ்டேஜ்னு டைப் அடிச்சது அயனி மண்டலமா?”

அவர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். லக்ஷ்மம்மா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பிள்ளையின் அப்பா சோபாவில் சாய்ந்து, நடுவில் இன்னொரு தரம் வழி தப்பியதையும் சொல்லி, யார்மேலும் குற்றமில்லை, இரண்டு நாளாக மேல்காற்றே சரியில்லை என்றார். செலுவநாராயணன் முகம் மலர்ந்தது. லக்ஷ்மம்மாவுக்குப் பகீரென்றது. மாமனாரே இப்படியென்றால் மாப்பிள்ளை எப்படியோ?

கார் ஓட்டி வந்த மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீவத்ஸ் தலையைச் சொறிந்தான்.

“காத்தும் இல்லை, புயலும் இல்லைப்பா. நான்தான் கவனிக்காம, திரும்ப வேண்டிய சர்க்கிளைத் தாண்டிட்டேன்.”

இப்படியொரு வாக்கியத்தைப் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை வாயால் கேட்டறியாத ப்ரார்த்தனா, சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். காபி எடுக்க உள்ளே போனவள் அம்மாவிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

“எனக்குச் சம்மதம்மா.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் யாரோ நாலு தரம் கூப்பிட்டும் எடுக்காமல், டவர் கிடைக்கவில்லை என்றீர்களே, அன்று சூரியனில் புயல் ஏதாவது அடித்ததா?