மாவு மில்லுக்கு ஒரு ஸ்டார்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருக்கிறது. சில மாதம் அந்த ஹீரோவின் ரசிகர்கள் மேல். சில மாதம், கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஸ்டார் போடலாம் என்று கண்டுபிடித்த மகானுபாவன் மேல். என் மேலேயே வரும் மாதங்களும் உண்டு. (அந்த மாதங்களில் வீட்டில் சாப்பாடு கொஞ்சம் நன்றாக இருக்கும்.)

நான் திருப்பதியில் ஒரு பார்சல் ஆபீஸில் கிளார்க். நகரியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். ரயிலில் சும்மா உட்காரத் தெரியாமல் ஒரு சினிமா விமர்சனப் பக்கம் ஆரம்பித்தேன். தமிழ்ப் படம், தெலுங்குப் படம் இரண்டும் உண்டு. எங்களைப் போல ஆந்திர எல்லையில் இருப்பவனுக்கு அது ஒரு சௌகரியம், ஒரே வாரத்தில் இரண்டு மொழியிலும் திட்டலாம். பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வைத்திருந்தேன்: 'ரசிகன் போடும் மார்க்கை நம்பாதீர்கள். சினிமா தெரிந்தவன் போடும் மார்க்கை நம்புங்கள்.' சினிமா தெரிந்தவன் என்பது அடியேன். (பி.காம்., இரண்டு அரியர்.)

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. பக்கம் திறக்கும்போது பெயருக்குக் கீழே தொழில் என்ன என்று போன் கேட்டது. கிளார்க் என்று போட்டால் விமர்சகனுக்கு எடுப்பாக இருக்காது என்று பட்டது. என் மனைவி தேவகி நகரியில் மாவு மில் நடத்துகிறாள். தன் நகையை வைத்து அவளே வாங்கிய மெஷின், அவளே பிடித்த வாடிக்கை. நான் அந்த மில்லுக்குச் செய்த ஒரே உபகாரம், அதைப் போன் மேப்பில் ஏற்றியதுதான். அந்த உரிமையில் 'உரிமையாளர், தேவகி மாவு மில்' என்று போட்டுக்கொண்டேன். தேவகியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பாள்.

பிறகு அந்தப் படம் வந்தது. பெரிய ஹீரோ. முதல் நாள் காலை எட்டு மணிக் காட்சி, திருப்பதியில். பார்த்தேன், ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே விமர்சனம் எழுதினேன். 'மூன்று மணி நேரம் ஜவ்வாக இழுக்கிறார்கள். இரண்டாம் பாதியில் கதை நொண்டுகிறது, க்ளைமாக்ஸில் குப்புற விழுகிறது. ஒன்றரை ஸ்டார். அந்த அரையும் பாப்கார்னுக்கு.' பாப்கார்ன் வரி எனக்கே ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் என்னைத் திட்டி முந்நூறு பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஒரே குஷி. விமர்சகன் என்றால் நாலு பேர் அடிக்க வர வேண்டும், அப்போதுதான் மதிப்பு என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்துக்கு ஸ்டார் போட வசதி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க எவனோ ஒருவன் என் பெயருக்குக் கீழே பார்த்திருக்கிறான்.

மூன்று மணிக்குத் தேவகி போன் செய்தாள்.

"இன்னாங்க நடக்குது? சேலத்துல கீறவன் நம்ம மாவுல வண்டு கீதுன்றான். சேலத்துலருந்து வந்து அரைச்சினு போனானா?"

மேப்பைத் திறந்தேன். காலையில் நாலு புள்ளி எட்டு இருந்த மில், இரண்டுக்கு வந்திருந்தது. பார்க்கப் பார்க்க இறங்கியது. வந்திருந்த விமர்சனங்கள் இன்னும் மனப்பாடம். 'மாவில் லாஜிக் இல்லை.' 'அரிசி பரவாயில்லை, கேழ்வரகு வந்ததும் ஒரே இழுவை.' 'மிளகாய்த் தூளில் காரம் இல்லை, ஓனருக்கு மூளை இல்லை.' தெலுங்கில் ஒருவன், 'டைம் வேஸ்ட், டப்பு வேஸ்ட்.' நகரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆட்கள்! ஒரு பிடி அரிசி கொண்டுவந்து கொட்டாத ஆட்கள்! ஆபீஸில் எழுந்து நின்று கத்தினேன். பார்சல் வாங்க வந்த ஒரு பெரியம்மா பயந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் ஒன்று புள்ளி நாலு.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அடுத்த அடி விழுந்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு மிளகாய்த் தூளும் கேழ்வரகு மாவும் மாதாமாதம் போடுவதாகத் தேவகி பேசி முடித்து வைத்திருந்தாள். ஆறு மாதம் அலைந்து பிடித்த ஆர்டர். அந்த கேன்டீன் மேனேஜர்தான் போனில்.

"அம்மா, மீ ரேட்டிங் சூசானு. ஒன் பாயிண்ட் ஃபோர் உந்தி. மாவாள்ளு ஒப்புகோரு."

ரேட்டிங்கைப் பார்த்தாராம், அவர் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். தேவகி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாதாரணமாக அவள் எனக்கு 'நீங்க'. கோபம் வந்தால் 'நீ'.

"நீ இன்னா எழுதின?"

சொன்னேன். உரிமையாளர் விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சாவியை எடுத்துக்கொண்டு மில்லைத் திறக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் சும்மா இருந்திருப்பான். நான் ரயிலில் போகும்போதே எதிர்த் தாக்குதல் ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸ் குரூப்பில், திருப்பதி, சித்தூர், புத்தூர் கிளைகள் எல்லாம் சேர்ந்தது, ஒரு வேண்டுகோள் போட்டேன். சிரமம் வேண்டாம் என்று மாதிரியும் நானே எழுதிக் கொடுத்தேன்: 'அருமையான மில். சுத்தமான மாவு. தேவகி அக்கா அன்பாகப் பேசுவார். ஐந்து ஸ்டார். (இப்படியே போடாதீங்க, கொஞ்சம் மாத்திப் போடுங்க.)'

நாற்பது பேர் போட்டார்கள். நாற்பது பேரும் அடைப்புக்குறியோடு போட்டார்கள். எங்கள் மேனேஜர் மட்டும் பொறுப்பான மனிதர், 'தேவகி அக்கா' என்பதை 'தேவகி தங்கச்சி' என்று மாற்றியிருந்தார். அடைப்புக்குறி அவருடையதிலும் பத்திரமாக இருந்தது.

அடுத்த நாள் காலை மில்லின் பக்கத்தில் ஒரு ஸ்டாரும் இல்லை. சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை என்று மேப் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். ரசிகர்கள் போட்டது போயிற்று, நாங்கள் போட்டது போயிற்று, அதற்கு முன்னால் நிஜமான மனிதர்கள் எழுதியதும் சேர்ந்து போயிற்று. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில், முகமெல்லாம் மாவோடு, தேவகி அவற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். அங்கே இந்த வாசனையில் மிளகாய்த் தூள் கிடைப்பதில்லை என்று, கல்யாணமாகிப் பெங்களூர் போன பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். தன் குழந்தை முதன்முதலில் முகம் சுளிக்காமல் குடித்தது இந்த மில் கேழ்வரகுக் கஞ்சிதான் என்று ஒரு தாய் எழுதியிருந்தாள்.

தேவகி போனைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அந்தக் கேவுரு அம்மா எழுதினதும் பூட்ச்சா?"

"பூட்ச்சு."

அவள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. தாங்காவிட்டால் நான் செய்வது ஒன்றுதான், கத்தினேன். "மனுசங்களா இவனுங்க? வரல, பாக்கல, ஒரு வாய் துன்னல! ஒண்ணுமே தெரியாம ஒருத்தரோட பொழப்புக்கு மார்க் போடறானுங்களே, இவனுங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா?"

தேவகி நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குப் படம் எத்தினி மணிக்கு?"

"எட்டு."

"எவ்ளோ நேரம் படம்?"

"மூணு மணி நேரம்."

"பத்து மணிக்கெல்லாம் ஆபீஸ்ல உக்காந்துட்டேன், மேனேஜர் மெச்சிக்கினாருன்னு எங்கிட்ட சொன்னியே?"

அவளுக்குக் கணக்கு எப்போதும் நன்றாக வரும்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். இடைவேளையில் மேனேஜர் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டாம் பாதி நொண்டியது, விழுந்தது எல்லாம் என் அனுபவத்தில் எழுதியது. பெரிய ஹீரோ படங்களில் பொதுவாக அப்படித்தான் நடக்கும்.

தேவகி எழுந்து புடவையில் மாவைத் தட்டினாள். "நீ பாக்காத படத்துக்கு மார்க் போட்ட. அவுனுங்க அரைக்காத மாவுக்கு மார்க் போட்டானுங்க. மனசாட்சிய அவுனுங்ககிட்ட மட்டும் இன்னாத்துக்குக் கேக்கற?"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.

மறுநாள் எனக்கு லீவு போட்டது அவள்தான். மிளகாய்த் தூள் ஒரு பை, கேழ்வரகு மாவு ஒரு பை. இரண்டையும் என் தலையில் ஏற்றி, பஸ் மாறி மாறி சத்தியவேடு வழியாக ஸ்ரீசிட்டி போனோம். வழியெல்லாம் மிளகாய் நெடியில் தும்மினேன். தேவகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேன்டீன் மேனேஜர் நல்ல மனிதர். தெலுங்கும் தமிழும் கலந்து வருத்தப்பட்டார். "நேனு ஏம் செய்யனம்மா? மேல கீறவங்க ரேட்டிங்தான் கேக்கறாங்க."

தேவகி வாசலைக் காட்டினாள். அங்கே ஒரு பெட்டி, பச்சையில் சிரிக்கிற முகம் ஒன்று, சிவப்பில் அழுகிற முகம் ஒன்று. சாப்பிட்டவர்கள் போகும்போது அமுக்கிவிட்டுப் போக வேண்டும்.

"அதுல உங்களுக்கு இன்னா வருது சார்?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "அத மட்டும் அடகக்கண்டி அம்மா, கேக்காதீங்க. போன வாரம் கோழி போட்டேன், அன்னிக்கும் சிவப்பு. ஷிப்ட் பஸ் லேட்டாம். பஸ் மேல கோபம், அமுக்கறது என் பெட்டிய!"

"அதப் பாத்து உங்கள வேலைய விட்டு அனுப்பிட்டா நியாயமா?"

அவர் சமையற்காரரைக் கூப்பிட்டு மிளகாய்த் தூளைக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் ஒரு குழம்பு வந்தது. சமையற்காரர் சத்தியவேட்டுத் தமிழர், உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "காரம் நிக்குது சார், கலப்பு இல்ல" என்றார். ஸ்டார் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

மிளகாய்த் தூளுக்கு மட்டும் ஆர்டர் கிடைத்தது. கேழ்வரகு மாவு ஆர்டர் முந்தின நாளே வேறொரு மில்லுக்குப் போய்விட்டது. அது இன்றுவரை திரும்பி வரவில்லை. கேழ்வரகுப் பையைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்தவனும் நான்தான்.

அன்று சாயங்காலம், இடைவேளையோடு ஓடி வந்ததை என் பக்கத்தில் எழுதினேன். தேவகி பக்கத்தில் நின்று எழுத வைத்தாள். தொழில் இடத்தில் 'உரிமையாளரின் கணவர்' என்று மாற்றியதும் அவள்தான். ரசிகர்கள் மன்னித்தார்களா என்றால், இல்லை. அதை ஆயிரம் பேருக்கு அனுப்பிச் சிரித்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துப் பக்கத்தை மூடிவிட்டேன்.

பிறகு படம் டி.வி.யில் வந்தது. முழுசாகப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் கதை நொண்டியது. க்ளைமாக்ஸில் குப்புறத்தான் விழுந்தது. நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி! திரும்பிப் பார்த்தால் தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், என் மகள் விசில் அடிக்கிறாள். "பாத்தீங்களா, நான் அப்பவே..." என்று ஆரம்பித்தேன். "சும்மா கெட நைனா, நல்ல சீனு" என்றாள் மகள்.

போன மாதம் சாந்திபுரத்தில் என் மச்சினன் வீட்டு விசேஷம். பந்தியில் பாயசம் வந்தது. ஒரு வாய் வைத்தேன். பச்சைத் தண்ணீர். "இன்னா மச்சான் பாயசம் இப்படி..." என்று வாயைத் திறந்தேனோ இல்லையோ, எதிர் வரிசையிலிருந்து என் மகளும், பரிமாறிக்கொண்டிருந்த தேவகியும், அவர்களோடு பந்தியில் பாதிப் பேரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்:

"முழுசா குடிச்சிட்டுச் சொல்லு!"

குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் தண்ணீர்தான். டம்ளரைக் கீழே வைத்ததும் மச்சினன் பக்கத்தில் வந்து, "நல்லாருந்துச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றினான்.