கசட்டில் விழுந்த என் ‘ஓம்’

பல்லுவலியை வெளியே சொல்லியாவது ஆறலாம். பொறாமை வந்தால் மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தீவில், மண்கும்பானில் ஒரு நாட்டார் பாட்டுக் குழு இருந்தது. அதில் நானும் ஒருவன். முன்னால் நின்று பாடுபவன் தவம். குரலும் அவனுக்கே, சுருட்டை முடியும் அவனுக்கே. (கடவுள் ஒன்றையாவது எனக்குப் பிரித்துத் தந்திருக்கலாம்.) யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவுக்குக் கசட் பதிவு செய்யப் போன அன்று குழுத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் வாயை மட்டும் அசையும். சத்தம் வரப்படாது.”

படம் பிடிக்காத இடத்தில் வாயை அசைத்து யாருக்குக் காட்டுவது? கொதித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கசட்டின் ஒரு மூலையிலாவது என் குரல் இருக்கவேண்டும். அப்போது என் வாழ்வின் ஒரே இலட்சியம் அதுதான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்: “எல்லாரும் ரெடியோ?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் அடிவயிற்றிலிருந்து, “ஓம்!” என்றேன். எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’தான்.

நாடா ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. என் வாய் மூடுமுன்னே தவம், மச்சாளைக் கேலி செய்யும் பாட்டைத் தொடங்கிவிட்டான்.

“அந்த ஓமை வெட்டினா தவத்தின்ரை பாட்டிலை முதல் எழுத்தும் போயிடும்,” என்றார் ஒலிப்பதிவாளர். திரும்பப் பாடினால் தீவுக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். “கிடக்கட்டும் விடுங்கோ,” என்றார் தலைவர்.

கசட் வெளிவந்து வானொலி வரிசையில் முதலிடம் பிடித்தது. அறிவிப்பாளர் உருகினார்: “மச்சாளைப் பாடும்போதும் பிரணவத்தோடு தொடங்கும் தவத்தின் பக்தியை என்னென்பது!”

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பாட்டு முழுவதும் அவனுடையது, சரி. அந்த ஒரு சொல்லுமா? பஸ்ஸிலும் சந்தையிலும் பார்த்தவர்களிடமெல்லாம், “அது என்ரை ஓம்!” என்று சொல்லித் திரிந்தேன்.

“ஓம், ஓம்,” என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு எனக்குப் பெண் பார்க்க வேலணைக்குப் போனோம். “பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ, தம்பி?” என்று பெண்ணின் தாய் கேட்டார்.

“ஓம்!”

பலகாரத் தட்டோடு நின்ற பெண் துள்ளி நிமிர்ந்தாள். “அம்மா, கசட்டிலை வாறது இவரின்ரை குரல்!”

உலகத்தில் ஒருத்தியாவது கண்டுபிடித்தாளே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அடுத்துக் கேட்டாள்:

“மிச்சத்தைப் பாடினவருக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?”

முடிந்திருந்தது. (தவத்தின் மனைவிக்கு நான் என்றும் நன்றியுடையவன்.) எங்களுக்கும் முடிந்தது. இன்றைக்கும் அவள் எதையாவது கேட்டு நான் “ஓம்” என்றால் போதும், குசினி அடுப்படியிலிருந்து அவளும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து அடுத்த வரியை எடுத்துவிடுவார்கள்.

என் வீட்டில், என் சொல்லுக்குப் பின்னால் வருவது இன்னமும் தவத்தின் பாட்டுத்தான்.