எதிரியில்லாத வெள்ளிக்கிழமை

பள்ளிப்பற்று ஊட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனாலும், வெள்ளிக்கிழமை மதியம், உடற்பயிற்சிக் கூடத்தில் பார்க்கலாம். தொண்டை கட்டியிருக்கும். முகத்தில் பள்ளியின் நிறம் பூசியிருக்கும். மற்ற நாட்களில் கணக்குப் பாடம் நடத்தும். மாலையில் நடக்கும் கால்பந்தாட்டத்துக்காகப் பிள்ளைகளைக் கேலரியில் உட்காரவைத்து, முரசு அடிக்கவைத்து, கத்தவைத்து, "கேக்கல" என்று சொல்லி மறுபடியும் கத்தவைத்து, நிஜமாகவே தன் காது கேட்காமல் போகும்வரை கத்தவைத்து, அதற்குப் பற்று என்று பெயர் சூட்டுவது அதன் தொழில்.

எதன்மீது பற்று? அது யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்மீது வெறுப்பு. அது எல்லோருக்கும் தெரியும்.

என் அப்பா வெர்லின் க்ரோகர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். தன் கார்வில் பள்ளியைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து ஊர் ஹோல்ட்சனைப் பற்றி ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். அந்த ஊர்த் தண்ணீரில் துரு, அந்த ஊர் நாய் திருடனுக்கு வாலாட்டும், அந்த ஊர் மக்காச்சோளம்கூடக் கூன் விழுந்துதான் வளரும்.

பிறகு பிள்ளைகள் போதவில்லை என்று இரண்டு ஊர்ப் பள்ளிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

தலைமையாசிரியை ப்ளாஹா அப்பாவைக் கூப்பிட்டார். "க்ரோகர், ரெண்டு ஊர்ப் பசங்களும் ஒரே குரல்ல கத்தணும். இல்லேன்னா மைக் வேற ஆள் கைக்குப் போயிரும்."

"அதுக்குப் பதிலா என் கிட்னிய எடுத்துக்குங்க மேடம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் கூட்டம். இடப்பக்கம் கார்வில், வலப்பக்கம் ஹோல்ட்சன், நடுவில் அப்பா. ஒலிபெருக்கி அமைப்பது என் தொழில். அன்று ஒலிக் கருவிகளின் மேசையில் நான் இருந்தேன்.

"இன்னிக்கு யாரை நசுக்கப் போறோம்?"

பழக்க தோஷம். கார்வில் பக்கம் மொத்தமும் "ஹோல்ட்சன்" என்று முழங்கியது.

எதிர்க் கேலரியில் ஒரு பெண் எழுந்தாள். "சார், நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்."

அன்றைய ஆட்டமோ எங்கோ தொலைதூர ஊருடன். அங்கே யாரும் போனதில்லை. வெறுக்க ஒரு காரணமும் கிடையாது.

"சரி, நம்ம பள்ளிக்கூடத்தப் பிடிச்சவங்க கத்துங்க."

ஒலிமானியின் முள் அசையவில்லை. பிள்ளைகளைவிட மின்விசிறிகளின் சத்தம் அதிகம். பூசிய நிறம் வியர்வையோடு அப்பாவின் கண்ணில் இறங்கியது. ப்ளாஹா மைக்கை வாங்கக் கை நீட்டியபடி நடந்து வந்தார். அப்பா அவரைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"பசங்களா, சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக் குறைச்சது யாரு?"

இரண்டு கேலரிகளும் ஒன்றாக எழுந்தன. "ப்ளாஹா!" முள் சிவப்பைத் தாண்டியது. ஹோல்ட்சன் பையன் ஒருவன் கார்வில் பையனின் தோளில் ஏறிக் கத்தினான். மைக்கை அணைக்கச் சொல்லி ப்ளாஹா எனக்குச் சைகை காட்டினார். எனக்கு அப்போது கூரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

கேட்ட ஒரே குரல் கிடைத்ததே என்று அப்பா வாதாடினார். அந்தக் குரல் என்ன சொன்னது என்று அந்த அம்மாள் கேட்டார். மைக் போனது. பிள்ளைகள் மட்டும் அதற்குப் பிறகு கலந்தே உட்கார்ந்தார்கள்.

போன மார்ச்சில் மருத்துவமனையில் அப்பா, எதிர் அறைக்காரரைவிடத் தன் ரத்த அழுத்தம் எவ்வளவோ தேவலை என்று நர்சுகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். எதிர் அறைக்காரர் மட்டும் வீடு திரும்பினார்.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது உங்கள் ஊரைப் பற்றியோ, நீங்கள் படித்த கல்லூரியைப் பற்றியோ நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரனை இழுக்காமல்.

அவசரமில்லை.