இடுப்புக்கு எதிராக ஒரு கடிதம்

எங்கள் வீட்டில் முடிவு எடுப்பவன் நான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எடுத்த முடிவை எங்கே வைப்பது என்பதை மட்டும் கமலாட்சி பார்த்துக்கொள்வாள். பெரும்பாலும் பரணில் வைப்பாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தது பரணுக்குப் போகிற முடிவு அல்ல. என் மகள் அகிலா அந்தப் பாட்டுக்கு ஆடக்கூடாது. அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

எந்தப் பாட்டு என்று கேட்கிறீர்களா? நீங்கள் நல்லவர், அதனால்தான் கேட்கிறீர்கள். மின்னா என்று ஒரு பாடகி. ஆறு மாதமாக ஊரே அவள் பேச்சுதான். பாட்டின் முதல் வரி, 'என் இடுப்பு என் ஊரு, கேக்காம நுழையறது யாரு?' நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை விற்பனையாளன். இருபத்திரண்டு வருடமாக, தினம் நூறு புடவை விரித்து நூறு புடவை மடிக்கிறவன். நாங்கள் உயிரைக் கொடுத்து விற்கிற சரிகைக் கரையை அந்தப் பெண் ஒரு சாண் வெட்டி ரவிக்கை என்று மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு சங்கிலி. கேமரா நாலு நிமிடமும் அந்த ஊரை விட்டு வெளியே வரவே இல்லை.

இதே பாட்டு ஒரு வாரமாக எங்கள் மாடி அறையிலிருந்து கேட்டது. நான் படியேறினால் நின்றது. இறங்கினால் தொடங்கியது. சனிக்கிழமை மாலை டீவி மேசை மேல் ஒரு தாள் கிடந்தது. ஏனாத்தூர் பக்கம் அகிலா பி.காம் படிக்கிற கல்லூரியின் குடும்ப விழா. மேடையில் ஆடுபவரின் தந்தை அல்லது கணவர் சம்மதக் கடிதம் தர வேண்டுமாம். 'தந்தை' என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு படிக்க என்ன இருக்கிறது?

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேரடியாகச் சொல்லலாம். போன வருடம் கொடைக்கானல் சுற்றுலாவுக்கு அப்படித்தான் சொன்னேன். மூன்று நாள் மூன்று வேளையும் உப்புமா. நாலாவது நாள் அகிலா கொடைக்கானலில் இருந்தாள். எனவே இந்த முறை கொள்கை ரீதியாக மறுப்பது என்று தீர்மானித்தேன். கொள்கை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பரமசிவம்தான். மூன்று பேப்பர் வாங்குகிறவர்.

"பொம்பளைங்களைக் காட்சிப் பொருளாக்குறானுங்க சார், அதுதான் பாயின்ட்டு" என்றார்.

"காஞ்சிப் பொருளா? நம்ம ஊர் சரக்கா?"

"காட்சி சார், காட்சி! பாக்கறதுக்கு வச்ச பொருள் மாதிரி. நீங்க வீடியோவை நல்லாப் பாத்து ஆதாரம் எடுங்க. நானும் எடுத்துக்கினுதான் இருக்கேன்."

ஆதாரம் திரட்ட போனோடு மொட்டைமாடிக்குப் போனேன். ஒரு தடவையில் ஆதாரம் சிக்கவில்லை. ஒன்பதாவது தடவை, திரையின் மூலையில் இருந்த, படத்தை டீவிக்கு அனுப்புகிற சின்னப் பொத்தானில் விரல் பட்டது. போனில் பாட்டு நின்றுவிட்டது. ஆனால் கீழே கூடத்தில் இருந்த நாற்பத்து மூன்று அங்குல டீவியிலிருந்து, 'என் இடுப்பு என் ஊரு' என்று குரல் வந்தது.

"ஏங்க! டீவில இன்னா ஓடுது?"

இறங்கி ஓடினேன். கமலாட்சி ஆரி வேலைச் சட்டத்தின் முன்னால், கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாண ரவிக்கைகளுக்கு மணி கோத்துப் பூப்போடுவதுதான் அவள் தொழில். அவளுக்கு ஆரி வேலை, எனக்கு ஆறின காபி. எதிரே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பரமசிவத்தின் மனைவி ரேணுகாம்பாள். டீவியில் இடுப்பு.

"ஆராய்ச்சி" என்றேன்.

"எத்தினியாவது தடவை?"

"ஒம்பது."

"எங்க வூட்டுக்காரரும் நேத்துலேர்ந்து ஆராய்ச்சிதான் பண்ணிக்கினு இருக்கார்" என்றாள் ரேணுகாம்பாள். "பாவம், கண்ணெல்லாம் செவந்து போச்சு."

இந்த இடத்தில் சாதாரணக் கணவன் என்றால் பின்வாங்கியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இதப் பாரு கமலா. இந்தப் பொண்ணைக் காட்சிப் பொருளாக்கி வச்சிருக்கானுங்க."

"யாரு?"

"கேமராக்காரன். கம்பெனிக்காரன்."

சத்தம் கேட்டு அகிலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அப்பா, மொத ரெண்டு பாட்டு அப்படித்தான். குடுத்த துணியை மாட்டிக்கினு, அழுதுக்கினேதான் ஆடினேன்னு அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க. அப்புறம் தனியா வந்துட்டாங்க. இந்தப் பாட்டை எழுதினது, டிரஸ்ஸு முடிவு பண்ணது, கேமராவை எங்க வைக்கணும்னு சொன்னது, எல்லாம் அவங்கதான்."

"சங்கிலியுமா?"

"சங்கிலியும்தான்."

கமலாட்சி நூலைப் பல்லால் கடித்தாள். "அப்போ இடுப்பு அதே இடுப்புதான். முன்னாடி எவனோ காட்டினான். இப்போ அவளே காட்டுறா."

"பாக்கறவன் கண்ணு மாறிடுச்சா?" என்றேன். "அவ எதை நெனச்சு ஆடினாலும், பாக்கறவன் அவனுக்கு வேணுங்கறதைத்தானே பாக்கறான்?"

கேட்டுவிட்டு நானே அசந்துபோனேன். இது பரமசிவம் சொல்லிக் கொடுத்தது இல்லை. என்னுடையது. சொந்தச் சரக்கு.

"அது உண்மைதான்பா" என்றாள் அகிலா. "எங்க கிளாஸ்லயே இதுக்குப் பெரிய சண்டை. நல்லாப் பாடற பொண்ணுங்க நெறைய பேரு, இந்த மாதிரி வந்தாத்தான் கூப்பிடுவாங்களோன்னு பயப்படுறாங்க."

ஒன்று, பூஜ்யம். ஆட்டம் என் பக்கம்.

"நியாயமான கேள்விதான்" என்றாள் கமலாட்சி. அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. நான் உஷாராகியிருக்க வேண்டும். "என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"இல்லாம? பச்சைப் புடவை."

"நடந்து காட்டச் சொன்னாரு உங்க அப்பா. கால் ஊனமான்னு பாக்க. சடையை அவுத்துக் காட்டச் சொன்னாங்க உங்க அத்தை. சவுரியான்னு பாக்க. உங்க மாமா திரும்பி நிக்கச் சொன்னாரு. எதுக்குன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. எட்டு பேரு பஜ்ஜி தின்னுக்கினே பாத்தீங்க. அப்போ நான் இன்னா பொருளுங்க?"

ரேணுகாம்பாள் கைதட்டினாள். டீவியை யாரும் அணைக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பஜ்ஜியில் ஐந்து நான் தின்றது. கமலாட்சி திரும்பி நின்றபோது அவள் கழுத்தில் வேர்வை வழிந்ததைப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆனால் என்னைப் போன்ற ஆள் தோல்வியைக்கூட வெற்றியாகத் திருப்பிவிடுவான்.

"தப்புதான்!" என்று கத்தினேன். "அதைத்தானே நானும் சொல்றேன்? பொம்பளை எங்க நிக்கணும், எப்படித் திரும்பணும்னு மத்தவன் எப்படிச் சொல்லலாம்? அவதான் முடிவு பண்ணணும்!"

"அடடா" என்றாள் கமலாட்சி. "இதையே எழுதிக் குடுங்களேன். காலேஜ் மேடையில படிக்கச் சொல்லலாம்."

எனக்குள் மின்னல் அடித்தது. என் கடிதத்தைப் படித்தபிறகு எந்தக் கல்லூரி அந்த ஆட்டத்தை அனுமதிக்கும்? நான் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. உப்புமாவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்திய பழி கல்லூரிக்கு. காஞ்சிபுரத்தின் மானத்தைக் காப்பாற்றிய புகழ் எனக்கு. இடையால் வந்த இடையூறு இடையிலேயே ஒழியும்.

உட்கார்ந்தேன். முழு வெள்ளைத்தாள். பேனா பறந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, பெண் காட்சிப் பொருள் அல்ல. அவள் என்ன உடுத்துவது, எங்கே ஆடுவது என்று முடிவு செய்ய கம்பெனிக்காரனுக்கோ, கேமராக்காரனுக்கோ, பார்ப்பவனுக்கோ உரிமை இல்லை. அந்த உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு.'

வாசித்துக் காட்டினேன். கமலாட்சி கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லா வந்திருக்குது. 'எந்த வயதானாலும்'னு ஒண்ணு போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

போட்டேன்.

"அப்பனுக்கோ புருசனுக்கோ உரிமை இருக்குதா?"

"யாருக்கும் கிடையாது!" என் பேச்சு எனக்கே போதையேற்றிக்கொண்டிருந்தது. 'தந்தைக்கோ கணவனுக்கோ கூட இல்லை' என்று சேர்த்தேன்.

"கீழ உங்க பேரு. அகிலாவோட அப்பா, என்னோட வூட்டுக்காரர்னு ரெண்டையும் எழுதுங்க. அப்பத்தான் ஒரு கெத்து."

எழுதினேன். வீரபாகு, செவிலிமேடு. கையெழுத்தின் கீழே இரண்டு கோடு வேறு இழுத்தேன். அன்று எனக்குச் சூடான காபி வந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். வரவில்லை. காபி அவ்வளவு நன்றாக இருந்தது.

விழா அடுத்த சனிக்கிழமை. கமலாட்சியும் அகிலாவும் காலையிலேயே போய்விட்டார்கள். "மேடை அலங்காரம் பண்ணணும்" என்றாள் அகிலா. மாலை மூன்று மணிக்கு நானும் பரமசிவமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். கஞ்சி போட்ட சட்டை. பாக்கெட்டில் கடிதத்தின் நகல். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் "இப்போ ஒரு லெட்டர் படிப்பாங்க, கவனமாக் கேளுங்க" என்று சொல்லி வைத்தேன்.

படித்தார்கள். தமிழ்ப் பேராசிரியை நீலாம்பாள் நல்ல கணீர்க் குரலில் படித்தார். 'தந்தைக்கோ கணவனுக்கோ கூட இல்லை' என்ற இடத்தில் பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"நிகழ்ச்சிக்கு ஒன்பது பேர் வீட்டிலிருந்து சம்மதம் வந்திருக்கிறது" என்றார் பேராசிரியை. "எட்டுக் கடிதத்தில் 'அனுமதிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்கள். 'அனுமதிக்க நான் யார்?' என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். இந்தப் பெருந்தன்மைக்கு மீண்டும் ஒரு கைதட்டல்!"

மீண்டும் கும்பிட்டேன். பாதிக் கும்பிடில் கை நின்றது. சம்மதமா?

"சார், நீங்க சம்மதக் கடிதமா குடுத்தீங்க?" என்றார் பரமசிவம்.

"நீங்க?"

"என் பொண்டாட்டி ஏதோ கேஸ் புக்கிங்னு சொல்லி ஒரு கையெழுத்து வாங்கினா சார்."

விளக்கு அணைந்தது. மேடையில் மட்டும் வெளிச்சம். பாட்டு தொடங்கியது. அந்தப் பாட்டுதான்.

அகிலாவைத் தேடினேன். அவள் மேடையின் ஓரத்தில், கையில் மைக்கோடு, ஒன்று இரண்டு மூன்று என்று தாளம் எண்ணிக்கொண்டு நின்றாள். அவள் ஆடவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தவள். திரை விலகியது. ஒன்பது அம்மாக்கள். பட்டுப் புடவை. முந்தானையை இழுத்துச் செருகி, இடுப்பில் ஆளுக்கொரு சங்கிலி. இடது கோடியில் ரேணுகாம்பாள். நட்டநடுவில் என் மனைவி கமலாட்சி.

'என் இடுப்பு என் ஊரு...'

என் மனைவிக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது இவ்வளவு செய்யும் என்று தெரியாது. வலது பக்கம் ஒரு வெட்டு. இடது பக்கம் ஒரு வெட்டு. நாற்பத்தைந்து வயது. மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறவள். அவளைத்தான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்ப எனக்கு அரை நிமிடம் ஆனது.

பிறகு சுற்றிலும் பார்த்தேன். நான்தானே கேட்டேன், பார்க்கிறவன் கண்ணைப் பற்றி? அந்தக் கண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பின்வரிசையில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு போனைத் தூக்கினான். முறைத்தேன். போனை இறக்கினான். மற்றபடி சனங்கள் கைதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரு பாட்டியம்மா அழுதுகொண்டிருந்தார். கமலாட்சி இவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னையும்தான். கடைசி வரியில் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். யாரும் திரும்பச் சொல்லவில்லை. அவளாகத் திரும்பினாள். அவளாகத் தோள் வழியே பார்த்தாள். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் விசில் கேட்டது. பரமசிவம்.

"உங்க வூட்டம்மா அந்தக் கோடியில இருக்காங்க" என்றேன். "அங்க பாத்து அடிங்க."

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரைக் கமலாட்சிதான் ஓட்டினாள். எப்போதும் அவள்தான். நான் பின்னால் உட்கார்ந்து, ஒரு கணவனுக்குரிய கம்பீரத்தைத் திரட்டினேன்.

"எல்லாரும் உன்னையேதான் பாத்தாங்க."

"தெரியும்."

"எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"எப்படி இருந்துச்சு?"

கோபம் வரும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. "ரெண்டாவது தடவையும் ஆடச் சொல்லுவாங்கன்னு பாத்தேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். ஸ்கூட்டர் லேசாக ஆடியது. ஓரிக்கை திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினாள்.

"அடுத்த மாசம் அரக்கோணத்துல ஒரு காலேஜுல கூப்பிட்டிருக்காங்க" என்றாள். "இந்தத் தடவை அப்பாங்க ஆடணுமாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. உங்க இடுப்பு, உங்க முடிவு. பரமசிவம் அண்ணன் முடியவே முடியாதுன்னுட்டாராம். அவருக்கு அவ்ளோ தைரியம் ஏதுன்னு ரேணுகா அக்காவே சொன்னாங்க."

யாருக்கு எதில் தைரியம் இல்லை? நான் முடிவு எடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவு எடுப்பவன் நான்தானே.

தினம் காலை ஆறு மணிக்கு அகிலா எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வலது பக்க வெட்டு வந்துவிட்டது, இடது பக்கம்தான் சுளுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது.