தகரச் சேவல் பார்த்த வீடு

யார் என்ன சொன்னாலும் "ஆமா" போடுவதில் எங்கள் சேவல் மாமாவை மிஞ்ச இந்தக் கரிசக்காட்டில் ஆளே கிடையாது. ஒருவர் "இந்த வருசம் மழை கொட்டும்" என்றால், "ஆமா, கொட்டும்" என்பார். அடுத்த வாசலில் "பொட்டுத் தூறல் கிடையாது" என்றால், "ஆமா, எங்க பெய்யப்போகுது?" என்பார். பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரு கட்சித் துண்டைத் தோளிலும் எதிர்க்கட்சித் துண்டைத் தலையிலும் கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போனார்.

"டவுனு பங்களா மேல காத்துக்குத் திரும்புற தகரச் சேவல்லே நீ!" என்று டீக்கடையில் ஒருவர் திட்டினார். மாமாவுக்கு ஒரே சந்தோசம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சேவல் செய்து தன் கூரையிலேயே நட்டுவிட்டார். "காத்தைப் பாத்துப் புழுதி விதைப்பு போடுங்கய்யா" என்றார். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கிற ஊர் எங்களுடையது.

முதலில் சிரித்தோம். பிறகு, இலைகூட அசையாத மத்தியானங்களில் அது கிரீச்சென்று தானாகத் திரும்பியது. ஒரு வீட்டைப் பார்த்து நின்றது. அந்த வாரமே அங்கே இழவு. இன்னொரு வீட்டைப் பார்த்தது. அங்கும் சங்கு ஊதினார்கள்.

"கழட்டி எறிலே!" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"எறிஞ்சிருவோம்" என்று மாமா ஏணியில் ஏறினார்.

"வேணாம்ப்பா, விதைப்புக்கு ஆகும்ல" என்றார் ஒருவர்.

"அதுவுஞ் சரிதான்" என்று பாதி ஏணியில் இறங்கிவிட்டார்.

போன ஆவணியில் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். வீட்டில் நானும் அவளும்தான். ஓர் உச்சிவேளையில், காற்றே இல்லாமல், சேவல் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருத்தரும் வண்டி தரவில்லை.

"அது பாத்துருச்சு தாயி. இனி எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றார்கள்.

"ஆமா, பாத்துருச்சு" என்று சேவல் மாமாவும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே போய்த் தன் வண்டியில் மாட்டைப் பூட்டினார். கூரையேறிச் சேவலையும் கம்பியோடு பிடுங்கி வந்து வண்டியின் முன்னால் சொருகினார். "இது இங்கன இருந்தா உங்க வீட்டையே மொறைச்சுக்கிட்டிருக்கும்."

பரளச்சி தாண்டியதும் அது கிரீச்சென்று அம்மா பக்கம் திரும்பியது.

"ஏலே, ரோட்டைப் பாரு!" என்று அதட்டித் திருப்பினார். மறுபடியும் திரும்பியது. அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தகரம் அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. அப்படியும் விடவில்லை.

பாதி வழியில் அம்மாவின் முனகல் நின்றது. மாமா திரும்பிப் பார்த்தார். பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"அம்மா தூங்குது மாமா" என்றேன்.

"ஆமா தாயி, தூங்குறா" என்று தலையாட்டினார். பிறகு பள்ளம் மேடு பார்த்து, அவள் முழித்துவிடக் கூடாது என்பதுபோல, மாட்டை மெல்ல நடக்கவிட்டார்.