ஸ்பீக்கர் அக்காவின் ஆறு பெட்டிகள்

தாம்பரம் வட்டாரத்திலேயே கம்ப்யூட்டரின் முகத்தைவிட முதுகை அதிகம் பார்த்தவர் எங்கள் ஸ்பீக்கர் அக்காதான். செம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை. கூடவே இருந்த அவருடைய அம்மா தவறிய சில மாதங்களில், கோவிலம்பாக்கத்தில் யாரோ விற்ற, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்தனுப்பும் பழைய ரிசீவர் ஒன்றை ஆறு ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்து இறங்கினார்.

கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஓட்டைகள். ரிசீவரின் பின்னால் ஆறு. ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒயர்களை வாங்கி மாற்றி மாற்றிச் செருகினார். முதல் நாள் கதாநாயகனின் பேச்செல்லாம் தரையிலிருந்த பேஸ் பெட்டிக்குள் போய், காதல் வசனம் கிணற்றில் விழுந்த எருமை கூப்பிடுவதுபோல் கேட்டது. மறுநாள் திரையில் எதிரே வந்த ரயில் சமையலறைப் பக்கமிருந்து கூவியது.

அப்புறம் ஆரம்பித்தது பரிசோதனைக் குரல். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒருத்தி, ஒவ்வொரு பெட்டியாகப் போய் "ஃபிரண்ட் லெஃப்ட்", "ரியர் ரைட்" என்று அறிவிப்பாள். லீவு நாளென்றால் சாயங்காலம்வரை அதேதான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். வாட்ச்மேன் விசிட்டர் நோட்டோடு என்னிடம் வந்தார்.

"சார், அக்கா வூட்ல வெள்ளக்காரம்மா ஒண்ணு தங்கிகினு கீது. கத்திகினே கீது சார். நோட்ல இன்னா பேரு எழுதறது?"

மாடி வீட்டுக்காரர்கள் புகாரே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"கரெக்டா வந்தீங்க சார்! இப்பதான் எல்லாம் செட் ஆச்சு. உக்காருங்க, உக்காருங்க!" என்று ஹால் நடுவிலிருந்த ஒற்றை நாற்காலியில் என்னை அமர்த்திவிட்டார்.

ஏதோ ஒரு படம். திரையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். சட்டென்று திரும்பினேன். விளக்குப் போடாத சமையலறை.

அக்கா கைதட்டிச் சிரித்தார். "திரும்பிட்டீங்கல்ல! பின்னாடி யாருமில்லனு எனக்கும் தெரியும் சார். ஆனாலும் டெய்லி திரும்பிப் பாத்துடறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "சத்தம் ஜாஸ்தியா சார்? யாராவது கம்ப்ளெய்ன்ட்..."

"அதெல்லாம் இல்லக்கா," என்றேன். "படத்த முதல்லேர்ந்து போடுங்க."

மறுநாள் சங்க நோட்டில், நேரில் போய் விசாரித்ததில் சத்தம் அளவோடுதான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடிந்தது என்று மட்டும் எழுதவில்லை. ஞாயிறு மத்தியானம் தவறாமல் கீழே போய் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.