கதவோரத்து ரப்பர்

இந்தக் காலத்தில் யாரும் ஒரு சாமானைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஒரு குழு. குழு ஒழுங்காகப் பார்த்ததா என்று பார்க்க இன்னொரு குழு. கடைசியில் சாமானைத் தொட்டவன் எவனோ, அவன் தலைதான் உருளும்.

இந்தத் தடவை உருண்டது பஸ் பணிமனையின் தலைமை மெக்கானிக் தலை. நாற்பது வருஷ சர்வீஸ். எந்தப் புதுச் சாமானைக் கண்டாலும் "இது எதுக்கு? கழட்டு" என்பார். அதனால் அவருக்குப் பெயரே 'கழட்டு' என்று ஆகிவிட்டது. எதிரில் மட்டும் 'கழட்டு அண்ணன்'.

பஸ் கதவு மூடும்போது பயணிகளின் விரல் நசுங்குகிறது என்று தினம் ஒரு புகார். ஒருநாள் குப்பைமேட்டில் வார் அறுந்த ஒற்றைச் செருப்பு கிடந்தது. கழட்டு அண்ணன் அதன் அடியைச் சீவி ஒரு பஸ்சின் கதவோரத்தில் ஒட்டினார். விரல் நசுங்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

மேனேஜர் விடவில்லை. 'தொழிலாளர் கண்டுபிடிப்பு' என்று ஒரு படிவம் கொண்டுவந்தார்.

"ரப்பர் எங்கண்ணே கெடச்சுது?"

குப்பையில் பொறுக்கிய செருப்பு என்று சொல்ல வாய் கூசியது.

"நானே பண்ணது" என்றார்.

படிவம் போனது. ரப்பரில் ஒரு துண்டும் போனது. இரண்டு மாதம் கழித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார்.

"சார், லட்சம் தடவை அமுக்கிப் பார்த்துட்டோம், தேயவே இல்ல! இது எந்தக் கடையிலயும் கெடைக்காத ரப்பர். பஸ் செய்யறவங்களுக்கே இது தோணலையே!"

"அவனுங்களுக்கு என்ன தெரியும்? வேணாத சாமானா ஒட்டி அனுப்புவானுங்க" என்றார் கழட்டு அண்ணன்.

அந்த அம்மா விளக்கினார். அரசாங்கம் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு நிதி கொடுக்கும். கவுன்சில் அதில் போக்குவரத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும். நிலையங்கள் அதற்குப் போட்டி போடும். ஜெயித்த நிலையம் பணிமனையோடு சேர்ந்து வேலை செய்யும்.

"இத்தனை கை மாறி வந்தா, பஸ்சுக்கு என்னம்மா மிஞ்சும்?"

"அறிக்கை மிஞ்சும் சார். சரி, எத்தனை தடவை தோத்தீங்க?"

"தோக்கவே இல்லையே."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! தோல்வி இல்லாத ஆராய்ச்சிக்கு கவுன்சில் நிதி கொடுக்காது."

"அப்ப பதினோரு தடவைன்னு போடுங்க."

"எப்படித் தோத்துச்சு?"

ஒன்று உருகிவிட்டது, ஒன்று நாறியது, ஒன்றை எலி தின்றது என்று அவர் அடுக்க, அந்த அம்மா பக்திசிரத்தையாக எழுதிக்கொண்டார். அந்தப் பதினோரு தோல்விகளைப் பார்த்துத்தான் கவுன்சில் மயங்கியது. பணிமனையிலேயே ரப்பரை நேரில் செய்து காட்டினால் நிதி உறுதி என்று தேதி குறித்தார்கள்.

வீட்டில் மனைவி அதற்கு மேல் ஒரு படி போனாள்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். லீவு போட்டுட்டு வர்றாராம்."

"அவரை எதுக்குடி கூப்பிட்ட?"

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, 'மாமா எதுவரைக்கும் படிச்சிருக்கார்'னு கேட்டாரில்ல? வந்து பார்க்கட்டும்."

எதைச் செய்து காட்டுவது என்று கழட்டு அண்ணனுக்குத் தெரியவில்லை. ரப்பரும் கையில் இல்லை. ஒட்டினது போக மிச்சத்தை ஆராய்ச்சியம்மா வாங்கிப் போயிருந்தார். யோசித்து யோசித்து ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் செருப்பு பணிமனையைக் கூட்டுகிற அம்மாவுடையது. ஜோடியில் இன்னொன்றை, எதற்காவது ஆகும் என்று, துடைப்பம் வைக்கிற மூலையில் போட்டு வைத்திருந்தாள்.

குறித்த நாள் காலையில் அதை எடுத்து, வாரைப் பிடுங்கிவிட்டு, ஈரத் துணியில் சுற்றித் தட்டில் வைத்தார். ரப்பர் காய்ச்சுவதாகக் காட்ட, பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் தாரைக் கொதிக்கவிட்டார். நாற்பது வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத கை. அன்றைக்குச் செருப்புத் திருடியது.

கவுன்சில் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, புதுச் சட்டையில். கழட்டு அண்ணன் தாரைக் கிளறினார், ஊதினார், ஏதோ கணக்குப் போடுவதுபோல் மேலே பார்த்தார், பிறகு துணியைப் பிரித்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இங்க ஒரு பள்ளம் இருக்கே?"

அது கூட்டுகிற அம்மாவின் கட்டைவிரல் வருஷக்கணக்காக அழுத்திய பள்ளம்.

"அது… விரல் உக்கார்றதுக்கு."

"அடடா! நசுங்காம விரலுக்குன்னே எடம் விட்டிருக்கார்!" அதிகாரி எழுதினார். ஆராய்ச்சியம்மா எழுதினார். மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார்.

"மாமா, உங்களை நான் தப்பா நெனச்சுட்டேன்."

அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. கன்னத்தில் வாங்கியதுபோல் இருந்தது. அதே நேரம் கதவருகில் குரல் கேட்டது.

"என் செருப்பை எவன் எடுத்தது? வார் மட்டும் கெடக்கு!"

கூட்டுகிற அம்மா வெறுங்காலோடு நின்றாள். கண் நேரே தட்டுக்குப் போனது. கழட்டு அண்ணன் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நான்தான் எடுத்தேன் தங்கச்சி. இது நான் பண்ணது இல்ல சார். செருப்பு. மொத துண்டு குப்பையில பொறுக்கினது, இது திருடினது. பதினோரு தோல்வியும் பொய்."

மேனேஜர் தலையில் கை வைத்தார். மாப்பிள்ளையின் கை தட்டிய நிலையிலேயே நின்றது. அதிகாரி மட்டும் பேனாவை மூடவில்லை.

"அது கெடக்கட்டும். ரப்பர் நல்ல ரப்பர்தானே? ஏம்மா, இது உனக்கு எங்க கெடச்சுது?"

"எங்க கெடச்சுதா?" கூட்டுகிற அம்மா சிரித்தாள். "இந்த பஸ்செல்லாம் புதுசா வந்து நின்னன்னைக்கு, கதவோரத்துல கம்பெனிக்காரன் ஒட்டியிருந்ததை அண்ணன்தான் 'இது எதுக்கு'ன்னு ஒவ்வொண்ணா பிச்சு என் குப்பைக்கூடையில போட்டாரு. அதுல தெச்சதுதானே!"

கழட்டு அண்ணன் தட்டிலிருந்ததை எடுத்து அவள் காலருகே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். பணிமனை வாசலைத் தாண்டும்போது அவர் முணுமுணுத்தது காவலாளிக்குக் கேட்டது:

"எதுக்குன்னு எழுதி ஒட்டியிருந்தானா? இல்லையே!"